ராகுகாலம் பார்க்கிற பெட்டி

அக்கா பையைத் தோளில் மாட்டி, வாசல்படியில் ஒரு காலையும் வைத்துவிட்டாள். ஆழ்வார்குறிச்சிக்கு, புகுந்த வீட்டுக்குத் திரும்பும் நாள். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தோசையைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்.

"ஏட்டி, நில்லு. ராகுகாலம் பொறந்துட்டு. பத்தரைக்கு மேல போ."

"பஸ் போயிரும்மா."

"போனா அடுத்தது வரும். நேத்துப் போயிருந்தியன்னா பத்தரைக்கு முன்னால ஏறியிருக்கலாம். முந்தாநாள்னா மத்தியானம் வரைக்கும் நேரம் கெடந்தது. சனிக்கிழமைன்னு பாத்துக் காலையிலயே வந்து நிக்கு."

வாய்க்குப் போன தோசை பாதி வழியில் நின்றது. நேற்று, வெள்ளிக்கிழமை, பத்தரை. முந்தாநாள், வியாழக்கிழமை, மத்தியானம். இந்த நேரங்கள் எனக்கு ஏற்கெனவே தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. மூன்று நாளாக ஒரு ஜவுளிக்கடையின் கம்ப்யூட்டர் திரை முன்னால் உட்கார்ந்து, கண் எரிய எரிய நானே பார்த்துத் தெரிந்துகொண்டது.

"அம்மா, புதன்கிழமை ராகுகாலம் எப்பம்?"

"பன்னெண்டுல இருந்து ஒன்றரை. ஏன், ஒனக்கு என்னத்துக்கு?"

"கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைக்கு இன்னைக்குத்தான் ராகுகாலம் தெரியுதாக்கும்," என்றாள் அக்கா.

புதன்கிழமையும் சரியாக இருந்தது. நான் கையைக் கழுவியும் கழுவாமலும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். "இவளப் பாரேன், ராகுகாலத்துலயே ஓடுதா!" என்று அம்மா சொன்னது தெருமுனை வரை கேட்டது.

அந்த ஓட்டம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு முடித்த கையோடு, ஜங்ஷன் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். அதன் உரிமையாளரை சார் என்றுதான் கூப்பிடுவேன். காலையில் வகுப்பு எடுப்போம். மற்ற நேரத்தில் கடைகளுக்கு கம்ப்யூட்டர் விற்று, வயர் இழுத்து, பழுது பார்ப்பது தொழில். இரண்டாவது வேலைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன். சார் எனக்குக் கொடுத்ததோ முதல் வேலை. "ஏ எஸ் டி எஃப்" என்று பிள்ளைகளுக்கு விரல் பழக்குவேன். கண் மட்டும் அலமாரியில் இருக்கும் ஸ்குரூ டிரைவர் பெட்டி மேலேயே இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டருக்குத் தேதி குழம்பிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. டவுணில் ரத வீதியில் எங்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் அண்ணாச்சியும் கேள்விப்பட்டுவிட்டார். தீபாவளிக்கு முன்னால் சர்வரை மாற்றிவிடச் சொன்னார். எல்லா பில் கவுண்டருக்கும் கணக்கு வைத்திருக்கும் தாய் கம்ப்யூட்டர் அதுதான். அந்த வாரம் சாருக்கு வேறு ஊரில் வேலை. "நீ போய் மாட்டிரு பிள்ள" என்றார். நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. பழைய சர்வரில் இருந்ததையெல்லாம் புதியதில் நகல் எடுத்தேன். எதற்கென்றே தெரியாத கோப்புகளைக்கூட விடவில்லை. கவுண்டர்களுக்கெல்லாம் புதிய முறையைப் பழக்கினேன். மாலையில் பில் வந்தது. அண்ணாச்சி காபி வாங்கிக் கொடுத்தார். பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் கடை நின்றுவிட்டது.

முழுவதும் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, எங்கே அறுந்தது என்று தேடலாம். இது திக்கித் திக்கி ஓடியது. ஒரு பில் வரும், அடுத்தது வராது. திரை உறைந்துபோய், மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்கும். கார் நெல் அறுவடை முடிந்து கையில் கூலி வந்த நேரம். சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் துணி எடுக்க வந்து, கவுண்டர் முன்னால் மூட்டையோடு காத்துக் கிடந்தார்கள்.

"ஏ அய்யா, பஸ் போயிரும். கையாலயாவது எழுதித் தாங்க," என்று ஒரு அம்மாள் கெஞ்சினாள்.

முதல் கவுண்டரில் பில் போடுபவர் மேலப்பாளையத்து பாய். வாய் அடங்காதவர். "எழுதலாம் தாயி, ஆனா எனக்கு எழுத்து மறந்து போச்சே. எல்லாத்தையும் இந்தப் பொட்டிகிட்ட குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அண்ணாச்சி கண்ணைச் சிமிட்டவில்லை. சாரைக் கூப்பிட்டுவிட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே, ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் பேசினார்.

"என்ன வே, நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை ஒம்ம பிள்ள வந்து தொட்டு இப்படி ஆயிட்டே. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு ஒமக்குத் தெரியும்லா? அதுக்குள்ள சரியாகலைன்னா எல்லாப் பொட்டியையும் வண்டியில ஏத்தி ஒம்ம வாசல்ல எறக்கிருவேன். நான் பில் புக்குக்குப் போயிருதேன்."

சார் வெளியே வந்ததும் என்னிடம் கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. ஆகலைன்னா விட்டுரு. டைப்பிங் பேட்ச் மட்டும் நீ எடு. கடை வேலைக்கு யாராவது பையனை வைக்கேன். ஒனக்கும் எதுக்குக் கவுண்டருக்கு அடியில தவழுத வேலை?"

எனக்குத் தவழுகிற வேலைதான் வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் கடையில் ஒரே ஒரு கறுப்பு வயர். ஒரு கவுண்டரில் தொடங்கி அடுத்த கவுண்டர், மாடி, குடோன் என்று பூச்சரம் மாதிரி எல்லாக் கம்ப்யூட்டரையும் கோத்துக்கொண்டு போகும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் பேச முடியும். நடுவில் கழற்றினால் மொத்தச் சரமும் செத்துவிடும். ஆகவே கோளாறு எந்தப் பாதியில் என்று கண்டுபிடிக்க வயரை நடுவில் கழற்றிப் பார்ப்பது வழக்கம். அண்ணாச்சி விடவில்லை. "கடை நேரத்துல வயர்ல கை வச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும் தாயி." கடை அடைத்தபின் கழற்றிப் பார்த்தால் எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம். சார் எலி கடித்திருக்கும் என்றார், இணைப்புகளை மாற்றினார். டியூப்லைட் சோக் என்றார், அதையும் மாற்றினார். காலையில் கடை திறந்து சிறிது நேரத்தில் பழையபடி திக்கும்.

அப்போதுதான் அந்த சிடி ஞாபகம் வந்தது. மாதாமாதம் வாங்குகிற கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒரு சிடி ஒட்டி வரும். அதில் ஒரு சின்ன நிரல் இருந்தது. வயரில் யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று திரையில் காட்டும் நிரல். வாங்கிய அன்றே விளையாட்டாகப் போட்டுப் பார்த்திருந்தேன். ஃபிளாப்பியில் நகல் எடுத்துக்கொண்டு போய் பாயின் கவுண்டரை ஒட்டி ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டினேன்.

கம்ப்யூட்டரை வயரில் சேர்க்கிற அட்டை ஒவ்வொன்றுக்கும் செய்த இடத்திலேயே பொறித்த ஓர் எண் உண்டு. அந்தக் கடையின் எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். நான்தானே ஒவ்வொன்றாகப் பழக்கினேன். திரையில் அவை ஒழுங்காக வந்து போயின. நடுவில் எனக்குத் தெரியாத ஓர் எண் வந்தது. மறுபடி வந்தது. பிறகு திரை முழுக்க அதுவே.

அது கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். சர்வர் யாராவது இருக்கிறீர்களா? பதில் இல்லை. இருக்கிறீர்களா? பதில் இல்லை. கல்யாணப் பந்தியில் ஒருவர் மட்டும் இலையைத் தட்டித் தட்டி "இங்க யாரு? இங்க யாரு?" என்று கத்திக்கொண்டே இருந்தால், பரிமாறுகிற எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போக முடியும். கடையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தே களைத்துப் போயிருந்தன.

"சார், நம்ம வயர்ல நம்ம வைக்காத ஒரு மிஷின் இருக்கு."

"எப்படி இருக்கும்? நாம வச்சதுதானே எல்லாம்?"

"நமக்கு முன்னால யாராவது வச்சிருக்கலாம்லா?"

எங்களுக்கு முன்னால் மதுரைக்காரர் ஒருவர் இந்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் போட்டிருந்தார். அண்ணாச்சியிடமே போய்க் கேட்டேன். "பழைய மிஷின் ஏதாவது எங்கயாவது கெடக்குதா அண்ணாச்சி?"

"பழசா? அதெல்லாம் எப்பமோ எடைக்குப் போட்டாச்சு தாயி," என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்வரைப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லை, அப்போது.

கழற்றக் கூடாது என்றால் பார்ப்பது ஒன்றுதான் வழி. வகுப்பு நேரம் போக மீதியெல்லாம் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க ஒரு விநோதம் தெரிந்தது. பகலில் கொஞ்ச நேரம் மட்டும் அந்த எண் காணாமல் போகும். கடை அப்போது பறக்கும். பிறகு மறுபடி வந்துவிடும். புதன்கிழமை நண்பகலில் போயிற்று. வியாழக்கிழமை அதற்கும் பிந்தி, எல்லாரும் சாப்பிட்டு வந்த பிறகு.

"சாப்பிடப் போயிருக்கும் தங்கச்சி," என்றார் பாய். "இன்னைக்கு லேட்டாத்தான் பசிச்சிருக்கு."

வெள்ளிக்கிழமை முன்பகலிலேயே போய்விட்டது. பாய் துள்ளினார். "பாத்தியா? ஜும்மாவுக்குக் குளிச்சு முழுகிப் போகணும்லா, முன்னாலயே கெளம்பிட்டு. இது நம்ம ஆளு!"

ஆனால் பன்னிரண்டு மணிக்கு, பாய் பள்ளிவாசலுக்குக் கிளம்புகிற நேரத்தில், அது திரும்பி வந்துவிட்டது. "சே, பாதியில வந்துட்டானே," என்று தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சனி ஒன்றுதான் பாக்கி. மறுநாள் ஞாயிறு.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் அம்மா அக்காவை வாசலில் நிறுத்தினாள்.

டவுண் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. கீழே ஆற்றில் மலைமழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்றும் பொருந்துகிறது. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. நான் நினைப்பது சரியென்றால், இந்த நிமிஷம் கடை பறந்துகொண்டிருக்க வேண்டும்.

பறந்துகொண்டிருந்தது. கடை வாசலில் கால் வைத்ததுமே பிரிண்டர்களின் சத்தம் கேட்டது. எல்லாக் கவுண்டரிலும் கரகரவென்று பில் வந்துகொண்டிருந்தது. என் திரையில் அந்த எண் இல்லை.

"நீ வாரதுக்குச் சித்த முன்னாலதான் போச்சு," என்றார் பாய். "ஒம்பது மணிக்கு. இன்னைக்குக் காலைச் சாப்பாடுதான் போல."

சார் வந்ததும் அவரை ஓரமாக இழுத்துச் சொன்னேன். அவர் சட்டைப்பை பேனா குலுங்கச் சிரித்தார்.

"ராகுகாலம் பாக்குத கம்ப்யூட்டரா? வெளிய சொல்லிராத பிள்ள. நம்ம சென்டருக்கு ஜோசியம் கேக்க ஆள் வந்துரும்."

"கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் சார்? அதைப் போட்டு அணைக்கவங்களுக்கு ராகுகாலம் தெரியும். பத்தரை அடிச்சதும் இந்தக் கடையில யாரு எந்திரிச்சுப் போறாங்கன்னு மட்டும் பாருங்க."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாடிப்படியில் போய் நின்றுகொண்டார், அங்கிருந்து இரண்டு தளமும் தெரியும். நான் பாயின் பக்கத்தில் திரைக்கு முன்னால். பாய்க்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அப்பம் நம்ம ஆளு இல்லையா?" என்று வருத்தப்பட்டார்.

சுவர்க் கடிகாரம் பத்தரையை நெருங்கியது. புடவைப் பிரிவில் யாரும் அசையவில்லை. குடோனிலிருந்து ஒருவரும் வரவில்லை. கல்லாவில் அண்ணாச்சி யாரோ ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிசம்," என்று எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

நான் மாடிப்படியைப் பார்த்தேன். சார் வாயைத் திறந்தபடி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் என் திரையில் அந்த எண் வந்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு சரசரவென்று திரை நிரம்பியது. பக்கத்தில் பாயின் பில் பாதியில் நின்றது.

"வந்துட்டாருய்யா மாப்பிள்ளை!" என்றார் பாய்.

சின்னக் கதவுக்குப் பின்னால் இருப்பது அந்தக் குடும்பம் முதன்முதலில் வியாபாரம் தொடங்கிய ஒற்றை அறைக் கடை. அதன் வாசல் பின்பக்கத்துச் சந்தில் இருந்தது. இப்போது சாமி படங்களும் சில துணி பேல்களும் மட்டும் அங்கே. சர்வர் மாற்றும்போது அந்த அறைக்குள் நான் போகவில்லை. சாமி இருக்கிற இடம், செருப்போடு வராதே என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன். வயர் அந்தச் சுவரைத் துளைத்து உள்ளே போய் மறுபக்கம் குடோனுக்கு வருவதைப் பார்த்திருந்தேன். நடுவில் என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி படங்களின் வரிசையில் கடைசியாக, ஒரு மரப் பெஞ்சின் மேல், பழுப்பேறிய ஒரு கம்ப்யூட்டர். திரையின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் பிச்சிப்பூ. கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி அதற்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார்.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தார். "ஒன்னை யாரு இங்கன வரச் சொன்னா?"

"அண்ணாச்சி, இந்த மிஷினைத்தான் ஒரு வாரமா நான் தேடுதேன்."

அவர் ஒரு தடவை பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூப்பிய கையை இறக்கினார்.

"இதுதான் தாயி நம்ம கடைக்கு வந்த முதல் மிஷின். இது வந்த வருசந்தான் மேல மாடி எடுத்தேன். கைராசி. ஒங்க சாரு பழசு ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு. படிச்ச ஆளுககிட்டப் போயி கைராசின்னு சொன்னா சிரிப்பிய. அதான் எடைக்குப் போட்டாச்சுன்னுட்டேன்."

"வச்சுக் கும்பிடுங்க அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லலை. வயரை எதுக்கு மாட்டினிய?"

"வயர் இல்லாம போட்டா ஏதோ ரெண்டு வரி எழுதிட்டு அப்படியே செத்துப் போயிருது. வயரை மாட்டினா உசுரு வருது. பத்துப் பதினஞ்சு நாளைக்கு முன்னால வரைக்கும் ஒரு எழுத்து காட்டிட்டுச் சும்மா நிக்கும். இப்பம் பாரு, எப்படி ஓடுதுன்னு." அவர் குரலில் பெருமை வந்துவிட்டது. "நீ புது சர்வர் போட்டதுல இருந்து நிக்காம உழைக்கு. தீபாவளிக்குன்னே வேகம் எடுத்திருக்குன்னு நினைச்சேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பெட்டிக்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது. போட்டவுடன் சர்வரைக் கூப்பிட்டு, அதனிடமிருந்துதான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். பழைய சர்வர் பதில் சொல்லியது, அதனால் அமைதியாக நின்றது. நான் வைத்த புதிய சர்வருக்கு அதன் பேச்சு முறை தெரியாது. கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராததால் அது மூச்சு விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைத்தான் அவர் உழைப்பு என்று பூப்போட்டுக் கும்பிட்டிருக்கிறார். இரவில் கடை அடைக்கும்போது அணைப்பார். பகலில், கெட்ட நேரத்தில் உழைக்க வேண்டாமே என்று ராகுகாலத்தில் மட்டும் ஓய்வு கொடுத்திருக்கிறார்.

அவ்வளவையும் சொன்னேன். அவர் பெஞ்சில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். வெளியே பில் நின்றதற்கு வாடிக்கையாளர்கள் சத்தம் போடுவது கேட்டது.

"அப்பம், கடை நின்னதுக்கு நாந்தான் காரணமா?"

அதற்குள் சாரும் வந்துவிட்டார். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்தது அவருக்கு. என் காதில், "சரத்தைத் தொடாம, பொட்டியில இருந்து மட்டும் வயரைப் புடுங்கிரு பிள்ள. முடிஞ்சுது. நீ ஜெயிச்சாச்சு," என்றார்.

அண்ணாச்சிக்கும் கேட்டிருக்க வேண்டும். கை தானாகப் போய் அந்தப் பெட்டியின் மேல் படிந்தது. "கழட்டணுமா தாயி? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வருசத்துலயே பெரிய யாவாரம். இன்னைக்குப் போயி அதை அணைக்கச் சொன்னா..."

ஒரு வாரமாக என்னை மிரட்டிய குரலா இது என்று இருந்தது. வயரைப் பிடுங்கினால் கடை ஓடும், எனக்கும் ஸ்குரூ டிரைவர் பெட்டி கிடைக்கும். ஆனால் அது எனக்குப் போதவில்லை. பேச ஆளில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு மிஷினுக்குப் பதில் சொல்லத் தெரியாதது என் சர்வரின் குறைதானே? இதைப் பிடுங்கிவிட்டுப் போனால் பாதி வேலைதான் செய்த மாதிரி.

"கழட்ட வேண்டாம் அண்ணாச்சி. அதுக்குப் பதில் சொல்ல வச்சிருவோம்."

"ஏ பிள்ள," என்றார் சார், "கடை நிறைய ஆள். சர்வர் படுத்துட்டுன்னா?"

"படுக்காது சார். பழைய பேச்சையும் சேத்துப் பேசுன்னு ரெண்டு வரி சொல்லணும், அவ்வளவுதான். நிறுத்தவே வேண்டாம்."

புத்தகத்தில் படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை. அதை மட்டும் சொல்லவில்லை. சார் என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு சர்வர் அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

முதல் வரியைத் தட்டினேன். சர்வர் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது வரியில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன், அது முறைத்தது. பைய, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லித் திரும்பத் தட்டினேன். என்டர்.

முதலில் சத்தம்தான் வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு பிரிண்டர், அடுத்து இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து. பாய் கத்தினார், "ஏலே, பில்லு வருதுலே! கொண்டாங்கலே அடுத்த ஆளை!"

நான் சின்ன அறைக்கு ஓடினேன். புள்ளிகள் நின்றிருந்தன. திரையில் பச்சையாக ஒரே ஒரு வரி. யார் நீ, பெயரைச் சொல் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமல் நான் நகலெடுத்த கோப்புகள் இதற்குத்தான். குப்பை என்று நினைத்து அழித்திருந்தால் அந்த ஒரு வரி வந்திருக்காது.

அண்ணாச்சிக்கு முகம் தெளியவில்லை. "என்ன தாயி, ஓட்டத்தை நிறுத்திட்டு?"

"கூப்பிட்ட ஆளு வந்தாச்சு அண்ணாச்சி. இனிமே கத்தணுமா? இது இப்பந்தான் நெசமாவே வேலைக்கு வந்திருக்கு. பாய் போடுத பில்லை இதுலயும் போடலாம்."

"பில்லு போடலாமா? இதுலயா?"

"நாளைக்குப் போணியை இதுலயே பண்ணுங்களேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது, அந்தப் பெட்டி காலைவாரினால் போணியே கெட்டுவிடும். அவர் பூவைச் சற்றே நகர்த்தி, திரையில் விழுந்திருந்த குங்குமத்தை வேட்டி நுனியால் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கடை திறந்தார்கள். பாய் செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தச் சின்ன அறைக்குள் வந்து, பெஞ்சின் முன்னால் நின்றபடியே அன்றைய முதல் பில்லைத் தட்டினார். ஒரு கைக்குழந்தைக்குச் சட்டை. வாங்கியவர்களை அண்ணாச்சி உள்ளே கூட்டி வந்து நிறுத்தியிருந்தார். பில் வெளியே முதல் கவுண்டரில் அச்சாகி வந்தது. அதன் பிறகு அந்தக் கடைக்கு வந்த கூட்டத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. மதியம் நான் சாப்பிடவில்லை, நினைவே வரவில்லை. ஒரு பில்கூட நிற்கவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "ராகுகாலம் வந்துட்டு. இப்பம் அதை அணைக்கலாமா தாயி? வயரு கோவிச்சுக்கிடாதே?" என்றார்.

"அணைங்க அண்ணாச்சி. ஒண்ணும் ஆகாது."

நின்று யோசித்தார். "ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது, நாந்தான்னு?"

"நீங்கதான் நாலு நாளா எனக்கு நேரம் சொல்லிக்கிட்டே இருந்திய அண்ணாச்சி."

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு கல்லா பக்கம் வந்த ஒருவரிடம், என்னைக் காட்டி, "நம்ம பிள்ள. இது கையில குடுத்தா வயரு பேசும்," என்றார். காதில் விழாத மாதிரி குனிந்துகொண்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதே குரலில் சொல்லிக் காட்டினேன். ராகுகாலத்தில் ஓடியதற்காக அவள் என்னைத் திட்டவில்லை, தன்னால்தான் கோளாறு பிடிபட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதுவும் உண்மைதான்.

டைப்பிங் பேட்ச் இப்போது வேறொரு பெண்ணிடம். ஸ்குரூ டிரைவர் பெட்டி என் மேஜையில்.

அடுத்த வேலையையும் அண்ணாச்சியே கொண்டுவந்துவிட்டார். தை பிறந்ததும் பாளையங்கோட்டையில் கிளை திறக்கிறார். அங்கே போடும் பில் இங்கே டவுண் கல்லாவில் தெரிய வேண்டுமாம். நடுவில் ஆறு. பாலத்தின் மேல் நம் வயரை இழுக்க முடியாது. டெலிபோன் லைனில் மோடம் வைத்துத்தான் முயல வேண்டும். மழை பெய்தால் எங்கள் பக்கத்து லைன் கொதிக்கிற எண்ணெய் மாதிரி இரையும், பேச்சு அறுந்துவிடும் என்கிறார் சார். நான் ஒரு மோடத்தை இரவல் வாங்கிச் சென்டரில் வைத்து இரைச்சலோடு பழகிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகப் பேசச் சொன்னால் மழையிலும் அறுபடவில்லை.

கஷ்டம் அதில் இல்லை. கிளையிலிருந்து வரும் முதல் பில் கைராசிப் பெட்டியில்தான் தெரிய வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியிலோ மோடம் மாட்ட இடமே கிடையாது. சர்வரில் வாங்கி, அங்கிருந்து பழைய பேச்சில் அதற்குச் சொல்ல வைக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வரும் புதன்கிழமை காலையில் முதல் தடவையாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். அக்கரையில் நான், இக்கரையில் பாய். பன்னிரண்டு மணிக்குள் பேசிவிட வேண்டும். அதற்குமேல் அண்ணாச்சி பெட்டியை அணைத்துவிடுவார்.